எங்கட அப்புக்கு ஏன் இவ்வளவு பாரம்?

மொபைல் வெப் அப்பின்ட சைஸ் வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. ஆர் உள்ளே வரலாம், ஆர் வெளியில நிற்கவேணும் என்பதை அதுதான் முடிவு செய்யுது.

வன்னியில் கோடிங் செய்யிற எங்களில் பலர் அறிவியல்நகரிலயோ வவுனியாவிலயோ நல்ல வைஃபைக்குள் இருந்து எழுதுறம். பாவிக்கப்போற சனம் ஒட்டுசுட்டானிலயோ துணுக்காயிலயோ பழைய போனோட இருக்குது. 2022 செப்டெம்பரில் மொபைல் கட்டணம் 20 வீதம் கூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்கள் யோசிக்காமல் சேர்க்கிற ஒவ்வொரு நூறு கேபிக்கும் காசு கட்டுறது அவைதான். டேட்டாவோட முடியிறதும் இல்லை. இறங்கின ஜாவாஸ்கிரிப்டைப் போன் வாசிச்சு இயக்கவேணும். அதே அளவு படத்தை விட அது விலை குறைஞ்ச போனைக் கனநேரம் முடக்கும்.

பாரம் எங்கயிருந்து வருது? பெரும்பாலும் நாங்கள் எழுதின வரிகளில இருந்து இல்லை, இழுத்துப் போட்ட லைப்ரரிகளில இருந்துதான். திகதியை வடிவாகக் காட்டப் பலர் 'மொமென்ட்' போடுறம். அதைப் பராமரிக்கிறவையே 2020இல், புது வேலைகளுக்கு வேறதைப் பாருங்கோ என்று சொல்லிட்டினம். பிரவுசருக்குள்ளேயே இருக்கிற 'இன்டல்' அந்த வேலையைச் செய்யும், ஒரு லைப்ரரியும் இறக்கத் தேவையில்லை.

அடுத்தது ஃபோல்டர் ஒழுங்கு. பட்டன் எல்லாம் ஒரு இடம், ஃபோர்ம் எல்லாம் இன்னொரு இடம் என்று பிரிக்கிறதை விட, வேலையை வைச்சுப் பிரிக்கிறது நல்லது. 'நெல் விலை' என்றால் அதுக்குரிய கம்பொனன்ட், ஸ்டைல், மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே ஃபோல்டரில். எல்லாத்தையும் ஒரே இன்டெக்ஸ் கோப்பால வெளியில விட்டால், பாவிக்காததை உதிர்த்துவிடுற 'ட்ரீ ஷேக்கிங்' சிலவேளை ஏமாந்துபோகும். எதைத் தூக்கலாம் என்று வெப்பேக்குக்கு உறுதியாகத் தெரியாது, அதால பாதுகாப்புக்கு வைச்சிருக்கும்.

அப்படிப் பிரிச்சாப் பிறகு வெட்டுறது சுகம். இரணைமடுவில் தண்ணி நிறைய நிண்டாலும் இடதுகரை, வலதுகரை வாய்க்கால் என்று தேவையைப் பார்த்துத்தான் திறக்கிறது. டைனமிக் இம்போர்ட்டும் அப்படித்தான். விலைப் பக்கத்தை ஒருவர் தொட்டால்தான் அந்தத் துண்டு இறங்கும். ரியாக்டில் 2018இல் வந்த 'லேசி' இதுக்குத்தான்.

தமிழுக்கென்று ஒரு கணக்கும் இருக்கு. யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'வன்னி' என்ற சொல்லுக்கு மட்டும் 15 பைட். சுருக்கி அனுப்பினால் நல்லாக் குறையும். ஆனாலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பொதியில் கட்டி அனுப்பத் தேவையில்லை, தெரிவு செய்த மொழி மட்டும் போதும். தமிழில் அப் வேணும் என்று கேட்கிற நாங்களே, தமிழ்ப் பக்கம் பிந்தித் திறக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாது.

புது லைப்ரரி ஒன்றைப் போடமுதல் அதின்ட எடையைப் பாருங்கோ. பண்டில் அனலைசரை ஓடவிட்டால் எது எவ்வளவு இடம் பிடிக்குது என்று பெட்டி பெட்டியாகக் காட்டும். பிறகு வீட்டில இருக்கிற ஆகப் பழைய போனை எடுத்து, வைஃபையை நிப்பாட்டிப்போட்டு உங்கட பக்கத்தைத் திறந்து பாருங்கோ.