7 மணி 6 நிமிஷம்

2004 டிசம்பர் 26 காலையைப் பற்றிக் கேட்டால் அம்மம்மா கடலில் இருந்து தொடங்க மாட்டா. குசினியில் இருந்துதான் தொடங்குவா.

"திருவலையில இருந்து தேங்காய் திருவிட்டு இருந்தன். தல ஒரு சுத்துச் சுத்திச்சு மனே. பிரஷர் எண்டு நினைச்சன்."

பிறகுதான் மற்றதெல்லாம் வரும். சின்ன மாமா கடற்கரைப் பக்கம் போனது, ஒன்பது மணிக்குக் கிட்டத் தண்ணி வந்தது, மாமா வராதது. அப்போது எனக்கு 4 வயது. கல்லடியில் எங்களுடைய பழைய வீடும் எனக்கு ஞாபகம் இல்லை, மாமாவின் முகமும் இல்லை.

தலைச்சுத்துக் கதையை அம்மா நம்புவதில்லை. "நானும் அதே வீட்டிலதானே நிண்டன். பூமி ஆடியிருந்தா எனக்குத் தெரியாதா?" என்பா. கொஞ்சக் காலம் முந்திவரை நானும் அம்மாவின் பக்கம்தான். பூகம்பம் நடந்தது சுமாத்திராவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து மட்டக்களப்புக்கு 1,600 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியப்போகுது?

மேற்பரப்பு அலைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியே பிழை என்று விளங்கியது.

பூகம்பத்தில் இருந்து முதலில் புறப்படுவது நிலத்துக்கு உள்ளால் ஓடும் அலைகள். அவை எல்லாப் பக்கமும், ஆழத்துக்கும், பரவுவதால் தூரம் போகப்போகச் சீக்கிரம் மெலிந்துவிடும். மேற்பரப்பு அலைகள் பிந்தித்தான் வரும். ஆனால் நிலத்தின் தோலோடு ஒட்டி ஓடுவதால் மெதுவாகத்தான் தேயும். இதில் இரண்டு வகை. ஒன்று நிலத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். அதற்கு லவ் அலை என்று பெயர் (காதல் இல்லை, அதைக் கணித்தவரின் பெயர் லவ்). மற்றது ரேலி அலை. ரேலி பிரபு 1885இல் கணக்குப் போட்டே சொன்னது. அதில் மண் மேலே எழும்பி, அலை வந்த திசைக்கே பின்வாங்கி, கீழே இறங்கி, பிறகு முன்னுக்கு வந்து ஒரு நீள்வட்டம் போடும். கடல் அலையின் உச்சியில் தண்ணி முன்னுக்குப் போகும். நிலம் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும்.

அந்தக் காலையில் பூகம்பம் நடந்தது எங்கள் நேரப்படி 6.58க்கு. ரேலி அலை செக்கனுக்கு மூன்றரை கிலோமீற்றர் அளவில் ஓடும். கணக்குப் பார்த்தால் 7.06 அளவில் கல்லடிக்கு வந்திருக்கவேணும். இலங்கையில் நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. 9 சென்ரிமீற்றர்! நாங்கள் எல்லாரும், வீடும், கிணறும், கல்லடிப் பாலமும் சேர்ந்து.

அப்ப ஏன் அம்மாவுக்குத் தெரியவில்லை? அப்படியான ஒரு அலை ஒருமுறை ஏறி இறங்கவே இருபது முப்பது செக்கன் எடுக்கும். ஒரு அலையின் நீளம் 70 கிலோமீற்றருக்கும் மேல். பாலத்தின் இந்த முனையும் அந்த முனையும் ஒன்றாகவே உயரும். பக்கத்தில் இருப்பதெல்லாம் எங்களோடு சேர்ந்து எழும்பினால், எழும்பினது எதை வைத்துத் தெரியும்?

அம்மம்மாவின் தலைச்சுத்து இதனால்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அவ சொல்கிற நேரத்தில் அவ இருந்த தரை அசைந்தது. அது மட்டும் உண்மை.

இதை அவவிடம் சொல்வதா விடுவதா என்று கன நாள் யோசித்தேன். ஏனென்றால் அந்தக் கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்: "எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சது. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல." நான் போய் "ஓம், பூமி ஆடினதுதான்" என்றால், அந்தக் குற்ற உணர்வுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா?

கடைசியில் சொன்னேன். முழுதையும் சொன்னேன். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு பூகம்பமானி இருந்தது, அதற்கும் தெரிந்தது. ஹவாயில் இருந்த சுனாமி எச்சரிக்கை நிலையம் 7.14க்கே அறிக்கை விட்டது. ஆனால் அது பசுபிக் நாடுகளுக்கானது. பூகம்பத்தின் அளவையும் 8.0 என்றுதான் முதலில் போட்டார்கள், பிறகுதான் 9.1 என்று வந்தது. கடல் எங்களிடம் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு என்று ஒரு எச்சரிக்கை ஏற்பாடு அன்றைக்கு இல்லை. தெரிந்த ஒருவருக்கும் எங்களிடம் சொல்ல வழி இருக்கவில்லை.

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மெஷினுக்கும் தெரிஞ்சிருக்கு. அதுவும் சொல்லல்ல" என்றா.

2012 ஏப்ரலில் சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கடற்கரைச் சனம் எல்லாம் ஓடியது. பெரிய அலை வரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் முதலில் வாசலுக்கு வந்து நின்றது அம்மம்மாதான். அறிவித்தல் கேட்டா, பக்கத்து வீட்டுக் கதவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டினா, பிறகுதான் நடந்தா.

இப்போதும் தலைச்சுத்தினால் அவ சத்தமாகச் சொல்லுவா. நாங்கள் ஒருத்தரும் சிரிப்பதில்லை.