நிற்காத ரயில்களின் ஊர்

நாகர்கோவிலிலிருந்து மும்பை செல்லும் எக்ஸ்பிரஸ் தாபோடி வழியாகத்தான் போகிறது. கோயம்புத்தூரிலிருந்து குர்லா போகும் ரயிலும் அப்படியே. இரண்டுமே அங்கு நிற்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து யாராவது தாபோடிக்கு வருவதாக இருந்தால் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை அதுதான்: "புனேலயே எறங்கிடுங்க சித்தப்பா. நம்ம ஊர்ல நிக்காது." புனேயில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் நடைமேடை மாறி, லோணாவளா லோக்கலைப் பிடித்தால் சிவாஜிநகர், கட்கி தாண்டி மூன்றாவது நிலையம். பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். சித்தப்பா தாபோடியில் கால் வைப்பதற்குள் அவரைக் கொண்டுவந்த ரயில் மலை இறங்கத் தொடங்கியிருக்கும்.

ரயிலால் உருவான ஊர் என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது ஜோலார்பேட்டையும் அரக்கோணமும். இரண்டு பாதைகள் சந்தித்த இடத்தில் வளர்ந்தவை அவை. பொன்மலையின் கதை வேறு. நாகப்பட்டினத்திலிருந்த பணிமனை 1920களின் இறுதியில் அங்கே குடிபெயர, பாறையைச் சுற்றி ஒரு நகரியமே எழுந்தது. அமெரிக்காவின் தென் மாநிலமான ஜார்ஜியாவில் உள்ள அட்லாண்டா 1837இல் ரயில் பாதை முடியும் புள்ளியாகக் குறிக்கப்பட்ட வெற்று நிலம்தான். முதலில் அதன் பெயரே 'டெர்மினஸ்'. இப்படிச் சந்திப்போ பணிமனையோ முனையமோ கிடைத்த ஊர்களின் வரலாற்றை ரயில்வே அதிகாரிகளே எழுதி வைத்துவிடுகிறார்கள். எதுவும் கிடைக்காமல், ரயில் கடந்து போனதாலேயே மாறிப்போன ஊர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. தாபோடி அந்த ரகம்.

இத்தனைக்கும் ரயில் வருவதற்கு முன்பு தாபோடி சாதாரண ஊர் அல்ல. முளா நதிக்கரையில், பவனா வந்து கலக்கும் இடத்துக்கு அருகே, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் செலவில் ஒரு படைப்பிரிவு நிறுத்தப்பட்டிருந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் பேஷ்வாவின் கஜானாவிலிருந்து. கட்டளையிட்டவர் கேப்டன் ஃபோர்டு என்ற ஆங்கிலேயர். 1817 நவம்பர் 5 அன்று கட்கியில் போர் மூண்டபோது இந்தப் படை தாபோடியிலிருந்து புறப்பட்டு ஆங்கிலேயர் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. சொந்தக் காசில் எதிரிக்குப் படை வளர்த்த மன்னர்கள் நம் நாட்டில் பலர் என்றாலும், பாஜிராவுக்கு அது ஒரே நாளில், தலைநகரின் வாசலிலேயே புரிந்தது.

ஃபோர்டு கட்டிய பங்களா பின்னர் பம்பாய் அரசின் கைக்கு வந்தது. 1827 முதல் 1830 வரை ஆளுநராக இருந்த ஜான் மால்கம் காலத்தில் தாபோடி ஆளுநரின் மழைக்கால வாசஸ்தலமானது. பக்கத்திலேயே ஒரு தாவரவியல் தோட்டம். 1838இல் அதன் பொறுப்பை ஏற்ற அலெக்சாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கே மூலிகைகளை வளர்த்தார். தோட்டத்துச் செடிகளை ஓர் இந்திய ஓவியரைக்கொண்டு வரையச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்கள் 'தாபூரி ஓவியங்கள்' என்ற பெயரில் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. கிப்சன் பெயரும் பத்திரமாக இருக்கிறது. ஓவியரின் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

கிப்சன் 1847இல் பம்பாய் மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். காடுகளை இப்படி வெட்டித் தள்ளினால் ஆபத்து என்று எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் மரங்களுக்குப் புதிய பசிக்காரன் ஒருவன் வந்து சேர்ந்தான். தண்டவாளங்களைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்காக நாடெங்கும் காடுகள் சாய்ந்தன. கிப்சன் பதவியில் இருக்கும்போதே, அவருடைய பழைய தோட்டம் இருந்த ஊர் வழியாகவே, அந்தத் தண்டவாளமும் வந்தது.

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1853இல் பம்பாய் – தாணே இடையே முதல் ரயிலை விட்டது. கண்டாலா – புனே பாதை 1858 ஜூன் 14 அன்று திறக்கப்பட்டது. இடையே போர் காட் என்ற மலைச்சரிவு பாக்கி. ஐந்து ஆண்டுகளுக்கு இந்த விசித்திரம் நீடித்தது: பம்பாயிலிருந்து வருபவர்கள் மலையடிவாரத்துக் கோபோலி வரை ரயிலில் வந்து, பல்லக்கிலோ கால்நடையாகவோ மலையேறி, கண்டாலாவில் மறுபடியும் ரயில் ஏறினார்கள். வசதியிருந்தவர்கள் பல்லக்கில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மலைப்பாதை எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் அதில் நிம்மதியாகத் தூங்கியபடி பயணம் செய்வது கடினம். ஒரே சமயத்தில் 40,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் அங்கே பாறை உடைத்தார்கள். வெடி விபத்தில் செத்தவர்களைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம், ஆயிரக்கணக்கானோர். 1859இல் ஒப்பந்தத்தை எடுத்த சாலமன் ட்ரெட்வெல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஊருக்குத் திரும்பாமல் ஒப்பந்தத்தைத் தானே ஏற்று, பொறியாளர்களை நியமித்து வேலையை முடித்தார். 1863 ஏப்ரலில் மலைப்பாதை திறந்தது. பம்பாயும் புனேயும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கின.

தாபோடியின் தலையெழுத்து மாறியது அதன் பிறகுதான். 1864இல் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரெரே, ஆற்றுக்கு மறுபுறம் கணேஷ்கிண்டில் புதிய மாளிகை கட்டத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்த காலம். செலவு கைமீறி, லண்டன் நாடாளுமன்றத்திலேயே கண்டனம் எழுந்தது. தாபோடி பங்களா சிறியது, பழையது என்பது உண்மை. ஆனால் ரயில் வந்ததும் பம்பாய் அரசே பரிவாரத்தோடு மழைக்காலத்தில் புனேக்கு இடம்பெயர முடிந்தது, அத்தனை பேருக்கும் தர்பார் நடத்த இடம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டமும் ஆளுநரைத் தொடர்ந்து கணேஷ்கிண்டுக்குப் போனது. அந்த மாளிகை 1949இல் தொடங்கப்பட்ட புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டிடமானது. ஆக, ரயில் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தாபோடி தன் துரையையும் தோட்டத்தையும் இழந்துவிட்டது.

கிடைத்தது என்ன? உழைப்பாளிகள். அதுவும் உடனே அல்ல. 1869இல் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையும் மதராஸ் பாதையும் இணைந்தன. தெற்கிலிருந்து ஒரு மனிதன் ரயிலிலேயே தக்காணத்துக்கு வர வழி பிறந்தது. 1930 ஜூன் 1 அன்று முதல் டெக்கான் குவீன் மின்சார வேகத்தில் தாபோடியைக் கடக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது குதிரைப் பந்தயம் பார்க்க வருபவர்களுக்கான வார இறுதி ரயில். தாபோடிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

1948இல் ரூர்க்கியிலிருந்து ராணுவப் பொறியியல் பள்ளி தாபோடிக்கு வந்தது. 1951இல் அது கல்லூரியானது. பரந்த நிலம், ஆற்றங்கரை, பக்கத்தில் ரயில், கட்கியில் ஏற்கெனவே பாம்பே சேப்பர்ஸ்: ராணுவத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸ் படையின் 'தம்பி'களும் பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். அதே 1948 ஜூன் 1 அன்றுதான் மாநில அரசின் முதல் பஸ் புனேயிலிருந்து அகமத்நகருக்குப் புறப்பட்டது. அந்தப் போக்குவரத்துக் கழகத்தின் மூன்று மத்தியப் பணிமனைகளில் ஒன்று தாபோடியில் அமைந்தது. ரயில் நிற்காத ஊருக்கு பஸ்களுக்குக் கூடு கட்டும் வேலை கிடைத்தது வேடிக்கைதான்.

1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்ட்டிபயாடிக்ஸ். பிறகு ஆகுர்டியில் பஜாஜ், சிஞ்ச்வடில் டெல்கோ. தண்டவாளத்தையும் பழைய மும்பை – புனே நெடுஞ்சாலையையும் ஒட்டியே ஆலைகள் வரிசை கட்டின. கட்கிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவில் இருந்த தாபோடி, இரு பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள் உறங்கி எழும் ஊராயிற்று. மராட்டிக் கிராமத்தின் பழைய சந்துகளைச் சுற்றி மராத்வாடாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்களின் ஒற்றை அறை வீடுகள் நெருங்கின. 1978 மார்ச் 11 அன்று புனே – லோணாவளா இடையே மின்சார லோக்கல் ஓடத் தொடங்கியபோதுதான் அவர்களுக்கென்று ஒரு ரயில் கிடைத்தது. பாதை போட்டு 120 ஆண்டுகள் கழித்து!

அன்றிலிருந்து ஊரின் நேரத்தை லோக்கல்தான் நிர்ணயிக்கிறது. ஷிப்டுக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், தளேகாவ் பக்கத்திலிருந்து பால் கேன்களுடன் வருகிறவர்கள் எல்லாருக்கும் சீசன் டிக்கெட்டைவிட மலிவான வாகனம் இல்லை. ஆனால் மும்பை லோக்கலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். அங்கே ஒன்று போனால் சில நிமிடங்களில் அடுத்தது. இங்கே ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் கூலி போகலாம். காரணம் எளிது. புனேக்கும் லோணாவளாவுக்கும் இடையே இருப்பது இரண்டே பாதைகள். நெடுந்தூர எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில், லோக்கல் மூன்றும் அதிலேயே போக வேண்டும். எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்தாலும் அதற்கு வழிவிட்டு லோக்கல்தான் ஒதுங்கி நிற்கிறது. மூன்றாவது, நான்காவது பாதை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. பாதை விரிந்தால் லோக்கல் பெருகும் என்று தாபோடிக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் தண்டவாளத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி காதில் விழுகிறது. ரயிலுக்குப் பக்கம் என்பதாலேயே வந்து குடியேறியவர்கள் அவர்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக லோக்கல் நின்றபோது ஊருக்கு அதன் விலை தெரிந்தது. மாதக்கணக்கில் ரயில் இல்லை. ஆலைகள் திறந்த பிறகும் போய்ச் சேர வழியில்லாமல் ஷேர் ஆட்டோவுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் உண்டு.

2023 ஆகஸ்ட் 1 அன்று தாபோடியில் மெட்ரோ நிலையம் திறந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே, குளிரூட்டிய பெட்டிகளுடன், வருகிற ஒவ்வொரு ரயிலும் நிற்கிறது. தாபோடியின் வரலாற்றில் இது புதிது. ஆடி மாத ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகும் துக்காராம் பல்லக்கு அந்தத் தூண்களின் ஓரமாகவே தாபோடியைக் கடக்கிறது. பல்லாயிரக்கணக்கான வார்கரிகள் தாளம் தட்டிக்கொண்டு நடந்தே போகிறார்கள். ஊர்க்காரர்கள் தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டுகிறார்கள். மெட்ரோ பிம்ப்ரிக்கும், புனே நகருக்குள்ளும் அழைத்துச் செல்கிறது. தேஹு ரோடு, தளேகாவ், காம்ஷேத் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவாது. அவர்களுக்கு இன்னும் கீழே இருக்கும் பழைய நிலையம்தான், அரை நிமிடம் நின்று கிளம்பும் லோக்கல்தான்.