முதல் பதிப்பு இல்லாத மறுபதிப்பு

'ட்ராக்ஸ் அண்ட் ட்ரேசஸ்' இசைத்தட்டு போன மாதம் வீட்டுக்கு வந்தது. மறுபதிப்பு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில்தான் சிக்கல். 1976-ல் பதிவான இசை இது. அந்த வருடம் இது தட்டாக வரவே இல்லை.

ஹார்மோனியா என்ற ஜெர்மானியக் குழுவில் மூன்று பேர். மிக்கேல் ரோதர் 'நோய்!' குழுவிலிருந்து வந்தவர், மோபியஸும் ரோடலியஸும் 'க்ளஸ்டர்' ஆட்கள். வேஸர் ஆற்றங்கரையில் ஃபோர்ஸ்ட் என்ற கிராமத்தில் ஒரு பழைய வீட்டில் இருந்துகொண்டு 1974-லும் 1975-லும் இரண்டு ஆல்பம் போட்டார்கள். பெரிதாக விற்கவில்லை. குழு கலைந்தது. அதன் பிறகுதான், 1976 செப்டம்பரில், பிரையன் ஈனோ அங்கே வந்து சேர்ந்தார். அவருக்காகக் கலைந்தவர்கள் மறுபடி கூடினார்கள். பதினோரு நாள். நான்கு பேர், நான்கு தடம் பதியும் ஒரு கருவி. ஆல்பம் போடும் எண்ணமே கிடையாது. அப்புறம் ஈனோ டேவிட் போவியின் 'லோ'வில் வேலை செய்யப் போய்விட்டார். நாடாக்கள் இருபது வருடம் கிடந்தன.

1997-ல் ரோடலியஸின் முயற்சியில் முதல் வெளியீடு. அது குறுந்தகட்டின் காலம். 2009-ல் ரோதர் தன்னிடமிருந்த கேசட்டிலிருந்து மேலும் மூன்று துண்டுகளைக் கொடுக்க, ஆல்பம் நீண்டது. பழைய வரிசை 'வாமோஸ் கம்பன்யெரோஸ்' என்ற தாளம் ஓடும் பாட்டில் ஆரம்பிக்கும். புதியது 'வெல்கம்' என்று மெதுவாக, யாரோ கதவைத் திறந்து விடுவதுபோல ஆரம்பிக்கிறது. அதே நாட்கள், அதே ஆட்கள், ஆனால் வேறு ஆல்பம். எது சரியான வரிசை? வாசித்தபோது வரிசை என்ற ஒன்றே இல்லையே.

தட்டில் கேட்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். பேஸ் ஒலி கனமாக இருந்தால் பள்ளம் அகலமாகி இன்னும் குறையும். 'சம்டைம்ஸ் இன் ஆட்டம்' மட்டுமே பதினைந்து நிமிடத்துக்கு மேல். அதில் ஒன்றும் நடக்காது. தாழ்ந்த முழக்கம் ஒன்று வரும், போகும். போனில் கேட்டபோது மூன்று தடவை தள்ளிவிட்டிருக்கிறேன். தட்டில் தள்ள எழுந்து போகணும், அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் முழுசாகக் கேட்டேன். பாதியில் எனக்கு எங்கள் ஹாஸ்டல் அறை ஞாபகம் வந்தது.

கடைசி வருடம் நாங்களும் மூன்று பேர். ஒரு லேப்டாப், ஒரு கடன் கீபோர்டு, எட்டு ராத்திரி. நாற்பது நிமிடம் தேறும். நல்ல இசை என்று சொல்ல மாட்டேன். ஃபேன் சத்தம்தான் பாதி. படித்து முடித்து ஒரே வீட்டில் இருந்தபோது அட்வான்ஸ் பணத் தகராறில் அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. தப்பு யார் பக்கம் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. இப்போது அவ்வளவு தெளிவில்லை. பதிவு இருக்கிற ஹார்டு டிஸ்க் என்னிடம். இரண்டு வருடத்துக்கு முன் மூன்றாமவன் மூலம் கேட்டனுப்பினான், "அந்த ஃபைல் இருக்காடா அவன்கிட்ட?" தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடத் தேவையே இல்லை, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ரோதர் அந்தக் கேசட்டை எதற்காக எடுத்து வைத்தார் என்று யோசித்தேன். தனக்காகத்தான் இருக்கும். நான் எடுத்து வைத்ததும் எனக்காகத்தான். ஆனால் அவர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். ஃபோல்டரில் பதினான்கு கோப்புகள், 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'நிஜ ஃபைனல்' என்று. ஒழுங்கான ஒன்றை மட்டும் அனுப்பலாமா, ஃபேன் சத்தத்தைக் குறைக்கலாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அப்படியே பதினான்கையும் ஏற்றினேன். 1.2 ஜிபி. எங்கள் தெரு இணையத்துக்கு அது ராத்திரி வரை ஆனது. சுட்டியை மூன்றாமவனுக்கு அனுப்பவில்லை. நேராக அவனுக்கே அனுப்பினேன்.