ஏரியில் விட்டு வந்த மீன்

"அத்தை, சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, மார்க்கெட்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பையை எடுத்து வைத்தேன். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான். மீன் வாங்கியிருக்கிறேன், ஆய்ந்திருக்கிறேன், குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுத்திருக்கிறேன். ஆனால் பிடித்ததில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் வேறு, கரையில் நின்று பேரம் பேசுகிறவர்கள் வேறு. இந்த வயதில் நான் படகில் ஏறித் தூண்டில் போடுவதாவது!

அது 2023 மே மாதம். மகளுக்கு ஆறாவது மாதம். முதல் பிரசவம் ஆகஸ்டில் என்று நாள் சொல்லியிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் கனடாவுக்குப் போய், டொராண்டோவில் இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாந்தியெல்லாம் நின்று, அவளுக்கு நாக்கில் ருசி திரும்பிய நேரம். "அம்மா, ஐஸ்ல கிடந்த மீன் வேண்டாம்மா. அப்பப் புடிச்ச மீனா வாங்கி, புளி கூட்டிக் காரமா ஒரு குழம்பு வையேன்" என்றாள் ஒரு ராத்திரி.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்களே, உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். இதே மகள் என் வயிற்றில் இருந்தபோது நானும் மீனுக்கு ஏங்கினேன். மாமியார் வீட்டில் அந்த மாதம் கையில் காசில்லை. வாய் விட்டுக் கேட்கவும் கூச்சம். பிறகு இவளுக்கு மூன்று வயது வரை அடிக்கடி காது வடிந்தது. படுத்தபடியே பாட்டில் பால் குடிக்கவிட்டதும், ஓயாத சளியும் காரணமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் நான் என் மாமியாரைத்தான் மனசுக்குள் வருஷக்கணக்கில் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகையால் மகள் மீன் கேட்டதும் எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மாப்பிள்ளையிடம், "சரி, போகலாம்" என்றேன்.

டொராண்டோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் அல்கோன்குவின் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் புல்தரையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 1893-லேயே அரசாங்கம் ஒதுக்கி வைத்த பெருங்காடு. உள்ளே ஆயிரத்துக்கு மேல் ஏரிகள். போகிற வழியில் சாலையோரப் பள்ளத்தில் ஒட்டகம் உயரத்துக்கு ஒரு பிராணி நின்றது. மூஸ் என்ற பெரிய மான். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புப் போடுவார்களாம். அது கரைந்து பள்ளத்தில் தேங்கியிருக்க, அந்த உப்புத் தண்ணீருக்காக வசந்த காலத்தில் ரோட்டோரம் வந்து நிற்கும் என்றார் மாப்பிள்ளை. உப்புக்கு ஏங்குகிற அதைப் பார்த்து, "என்னை மாதிரிதான்" என்று மகள் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கனடாக்காரப் பெரியவர்தான் படகுக்குச் சொந்தக்காரர். சின்ன அலுமினியப் படகு, பின்னால் ஒரு மோட்டார். மோட்டாருக்கு அனுமதி உள்ள ஏரிகள் அங்கே கொஞ்சம்தான், மற்றவற்றில் துடுப்புதான். மகளைக் கரையில் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி, பெரியவரின் மனைவியோடு உட்கார வைத்தோம். எனக்கு மாப்பிள்ளை ஒரு நாள் லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஆமாம், தூண்டில் போடுவதற்கும் லைசென்ஸ்!

நல்ல வெயில். ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாமா என்று தோன்றியது. பெரியவர் என் கையைப் பிடித்துத் தண்ணீரில் விடச் சொன்னார். அப்பா! பிரிஜ்ஜுக்குள் கைவிட்டது போல் விரல் மரத்துவிட்டது. அந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மிதவைச் சட்டையைப் புடவைக்கு மேலேயே மாட்டி வாரை இழுத்துக் கட்டினார். "எனக்கு நீச்சல் தெரியுமே" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். நீச்சல் தெரிந்தவர்களும் இந்தத் தண்ணீரில்தான் போகிறார்கள் என்றார். அங்கே ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள். விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சு திணறி வாயைப் பிளக்கும். அப்போது பதறாமல் மூச்சை நிதானப்படுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த பத்து நிமிஷம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பிடித்து ஏறப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குளிர் ஏறி நினைவு போய்விடும். மேலே தலை தண்ணீருக்கு வெளியே நிற்கச் சட்டை வேண்டும். அது இல்லையென்றால் முதல் நிமிஷத்தையே தாண்ட முடியாமல் போகலாம். கேட்டதும் நானே வாரை இன்னும் ஒரு இழு இழுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்தான் ட்ரவுட் மீனுக்கு உயிர். நம் நீலகிரியில்கூட வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டு வந்து வளர்த்த மீன் இது. மலைக்குக் கீழே வாழாது. கோடையில் ஏரியின் மேல் தண்ணீர் சுட்டதும் அடியாழத்துக்குப் போய்விடும். பனி உடைந்த வசந்த நாட்களில் மேலும் கீழும் ஒரே குளிர் என்பதால் மேலாகவே சுற்றும். இந்தச் சில வாரம்தான் சின்னப் படகில் போய் சாதாரணத் தூண்டிலில் பிடிக்கலாம். உயிரோடு குட்டி மீனைக் கோத்து இரை போடுவது அந்தப் பூங்காவில் தடை. தப்பித்துப் போகும் வேற்று மீன் பெருகி ஏரியைக் கெடுத்துவிடுமே! பாயசக் கரண்டி மாதிரி பளபளவென்று ஒரு தகடு, அதில் கொக்கி. படகு ஆள் நடக்கிற வேகத்தில் போக, தகடு பின்னால் தண்ணீருக்குள் மினுக்கி மினுக்கி வரும். அவ்வளவுதான் வித்தை. மீதியெல்லாம் காத்திருத்தல்.

காத்திருந்தோம் காத்திருந்தோம், ஒரு மணி நேரம். கறுப்பு ஈக்கள் காதோரம் கடித்துப் பிடுங்கின. லூன் என்ற நீர்ப்பறவை, அவர்கள் ஒரு டாலர் காசில் இருப்பது, யாரோ அழுவது மாதிரி கூவியது. எனக்குக் கோம்பு மடிந்து, தூக்கம் கண்ணைக் கட்டியது. அப்போது கம்பு வளைந்தது பாருங்கள்!

முதலில் அடியில் கட்டை தட்டிவிட்டது என்றே நினைத்தேன். கட்டை பக்கவாட்டில் ஓடுமா? "விடாதீங்க அத்தை, விடாதீங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். இழுத்தால் நரம்பு அறுந்துவிடும், விட்டால் கொக்கி கழன்றுவிடும். அது ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றி, தோள் கழன்றுவிடும் போல ஆகிவிட்டது. கடைசியில் படகோரம் வந்து புரண்டது. சாம்பல் பச்சை உடம்பு, முழுக்க வெளிர் புள்ளிகள், பிளந்த வால். பெரியவர் வலையில் வாங்கி, வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு அளந்தார். 65 சென்டிமீட்டர்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. தலையைத் தனியாக வைத்து, நடுத்துண்டு குழம்புக்கு, வால் பக்கம் வறுவலுக்கு என்று மனசு வெட்டியே விட்டது.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒன்டாரியோ அரசாங்கம் ஏரி வாரியாக வெளியிடும் மீன் பட்டியல். எந்த ஏரி, எந்த மீன், எத்தனை நீளம் என்று பார்த்து மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கணக்கு. எங்கள் மீனின் நீளத்துக்கு நேரே, கர்ப்பிணிகள் கட்டத்தில், சுழி.

"பாதரசம் அத்தை" என்றார் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. மீனைப் பற்றி எனக்கா பாடம்? "இந்தத் தண்ணியக் கையால அள்ளிக் குடிக்கலாம் போல இருக்கு. இதுல எங்க மாப்பிள்ளை பாதரசம்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படாமல் சொன்னார். தொலைவில் நிலக்கரி எரிக்கிற புகையோடு காற்றில் வந்து மழையில் இறங்குகிறதாம். ஏரிச் சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடம்பில் ஒட்டுகிற விதமாக மாற்றிவிடுகின்றன. பாசியைத் தின்னும் பூச்சியில் கொஞ்சம், பூச்சியைத் தின்னும் குட்டி மீனில் இன்னும் கொஞ்சம், அந்தக் குட்டிகளை வருஷக்கணக்கில் தின்று கொழுத்த பெரிய மீனில் அத்தனையும் சேர்ந்துவிடும். சதையிலேயே ஊறிவிடுவதால் தோலை உரித்தாலும், மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எத்தனை கொதிக்க வைத்தாலும் போகாது. தாய் சாப்பிட்டால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் மூளைக்குப் போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், ஆலைக் கழிவிலிருந்து கடல் மீனுக்குள் போன பாதரசத்தால் 1950-களில் ஊரே பாதிக்கப்பட்டது. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே வயிற்றுப் பிள்ளைகள் ஊனமாகப் பிறந்தன. இந்த ஏரியில் இருப்பது அத்தனை இல்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு எதற்குப் பரீட்சை என்றார்.

"நீங்க சொல்லுங்க அத்தை. நாம மட்டும் சாப்பிடறதானா வெச்சுக்கலாம்" என்று முடித்தார்.

வலைக்குள் மீன் செவுளைத் திறந்து திறந்து மூடியது. கரையில் கம்பளிக்குள் மகள் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாள். எங்கள் கூச்சல் கேட்டு எழுந்து நின்று கையை ஆட்டினாள். இதைக் கொண்டு போய் அவள் முன்னால் குழம்பு வைத்துவிட்டு, நீ சாப்பிடாதே என்று சொல்ல என்னால் முடியுமா? ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு கொடுத்தால் என்ன என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை. காது ஞாபகமும் வந்தது. பெரியவர், இது இவ்வளவு வளரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும் என்றார், பொதுவாகச் சொல்வது போல. "விட்டுடலாம்" என்றேன். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வயிற்றுப் பக்கம் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வாலால் என் முகத்தில் ஒரு அடி தண்ணீர் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கு முழங்கை நீளத்தில் ஒன்று சிக்கியது. தாளில் அந்த அளவுக்கு மகளுக்கும் அனுமதி இருந்தது. வாடகைக்கு எடுத்த குடிலில் குழம்பு வைத்தேன். ட்ரவுட்டுக்குச் செதில் பொடிப்பொடி. உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். சதை ரோஜா நிறம், ரொம்ப மெது. புளியும் தேங்காயும் கொதித்து, குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைப் போட்டேன். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டிவிட்டு, துண்டு நடுவரை வெந்ததா என்று பார்த்து இறக்கினேன். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பெரிய மீனைப் பற்றிப் பிறகுதான் சொன்னோம். "போட்டோகூட எடுக்கலையா?" என்பதுதான் அவள் கவலை!

எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. பிரசவமானதும் தாய்ப்பால் ஊற அவளுக்குச் சுறாப் புட்டு செய்து போடுவதாக இருந்தேன். என் அம்மா எனக்குப் போட்டது. சுறாவும் மீனைத் தின்னும் மீன்தானே? அடுத்த செக்கப்பில் நானே டாக்டரம்மாவிடம் கேட்டேன். மீனை நிறுத்தவே வேண்டாம், குழந்தையின் மூளைக்கு நல்லது. வாரம் இரண்டு மூன்று தடவை மத்தி, நெத்திலி, ட்ரவுட் மாதிரி மீன்களைச் சாப்பிடட்டும். சுறா மட்டும் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்றார். குட்டிச் சுறா என்றால் பரவாயில்லையே என்று வாதாடிப் பார்த்தேன். சிரித்தபடியே தலையை ஆட்டிவிட்டார். பால் சுரக்க, குழந்தையை அடிக்கடி மார்பில் விடுவதுதான் முக்கியம் என்று மகளுக்குச் சொன்னார்.

ஆகஸ்டில் பேரன் பிறந்தான். நெத்திலிக் குழம்பும் பூண்டுமாகப் பார்த்துக்கொண்டேன். பால் தாராளமாக இருந்தது. அந்த ஏரிக்கு மறுபடி எப்போது என்று மாப்பிள்ளை போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேரனுக்குக் காது இதுவரை வடியவில்லை.