தூக்கம் தேடிப் போன கதை

உலகத்தில் தூங்குகிறவர்கள், தூங்காதவர்கள் என்று இரண்டே ஜாதிதான் உண்டு. முதல் ஜாதியாருக்கு இரண்டாம் ஜாதியாரின் கஷ்டம் ஒருநாளும் விளங்காது. "படுத்தால் தூக்கம் வராதா, என்ன?" என்று கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லுவதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிடுவார்கள்.

நாமும் வெகுகாலம் முதல் ஜாதியிலேதான் இருந்தோம். சென்ற வருஷம் எப்படியோ அதிலிருந்து தள்ளி வைக்கப்பட்டோம். பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு. அப்புறம் பல்லி சொல்லுவதற்கும் குழாய் சொட்டுவதற்கும் நாமே சாட்சி. இதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒருநாள் இரவு, வயதான நம் தாயாருக்கு இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்து, மறுபடியும் ஒன்றை எடுத்து நீட்டினோம். "இப்போதுதானே கொடுத்தாய், அப்பா?" என்றாள் அம்மா. நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும் ஞாபகம் பிசகியிருந்தால்? அன்றோடு வேடிக்கை தீர்ந்தது.

மலைக் காற்று பட்டால் தூக்கம் வரும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பிப் பூம்பாறைக்குப் புறப்பட்டோம். கொடைக்கானலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே, கொலு வைத்தாற்போல் வீடுகள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப் பூண்டு விளையும் ஊர்களில் அதுவும் ஒன்று. குளிருக்குக் குறைவில்லை, நிசப்தத்துக்கும் குறைவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். சரியாக இரண்டு மணிக்கு விழிப்பு! செல்போனை எடுத்து மணி பார்த்தோம், இன்னும் எத்தனை மணி மிச்சம் என்று கணக்குப் போட்டோம், பொழுது விடிந்தது.

காலையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனோம். அந்தப் பெயருக்கு ஓர் ஐதீகம் சொல்லுகிறார்கள். அருணகிரிநாதர் ஒருநாள் இரவு இங்கே கண்ணயர்ந்தாராம். அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாளாம். முருகன் குழந்தையாகி அவர் அருகில் கிடக்க, காவித் துணியையும் குழந்தையையும் கண்ட அரக்கி, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணித் திரும்பிவிட்டாளாம். இத்தனை அமர்க்களமும் நடக்கும்போது அருணகிரிநாதர் என்ன செய்தார்? நிம்மதியாகத் தூங்கினார். நமக்கு அதுதான் பெரிய அற்புதமாகத் தோன்றியது.

கோயில் வாசலில் பூண்டு விவசாயி ஒருவரிடம் நம் குறையைச் சொன்னோம்.

"தூக்கம் வராட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"வரும் வரும் என்று படுத்தே கிடப்போம்."

"வராத விருந்தாளிக்கு வாசல்லயே காத்துக் கிடப்பாங்களா, ஐயா? எந்திரிச்சு வேலையைப் பாருங்க. வர்றப்ப அது வரட்டும்."

வேடிக்கை என்னவென்றால், நித்திரை சாஸ்திரிகளும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறார்கள். 1972-ல் ரிச்சர்ட் பூட்ஸின் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஒரு முறையை வெளியிட்டார். தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும். சுமார் 20 நிமிஷம் ஆகியும் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சாதுவான காரியம் எதையாவது செய்ய வேண்டும். கண் சொருகினால் திரும்பிப் படுக்கலாம். எப்படித் தூங்கினாலும் விடியற்காலையில் ஒரே மணிக்கு எழுந்திருக்க வேண்டும். பகல் தூக்கம் கூடாது. காரணம் எளிது. விழித்துக்கொண்டே படுக்கையில் புரளப் புரள, படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை மறக்கடிப்பதுதான் வைத்தியம். இந்த முறை அடங்கிய சிகிச்சையைத்தான், மாத்திரைக்கு முன்னால் முதலில் கையாள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் சிபாரிசு செய்தது.

ஊர் திரும்பியதும் ஆரம்பித்தோம். செல்போன் கூடத்துக்குப் போயிற்று. கடிகாரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மாலைக் காப்பியை நிறுத்தினோம். நாலு மணிக்குக் குடித்த காப்பியின் சாரத்தில் ஏறக்குறைய பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்குமாம்! காலையில் வெயிலில் நடந்தோம். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது சூரிய வெளிச்சம்தான்.

முதல் வாரம் பழைய நிலைமையைவிட மோசம், மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பகலெல்லாம் கண் எரிந்தது. அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டோம். மூன்றாம் வாரத்தில்தான் விடியும் வரை தூங்கினோம். எல்லாருக்கும் இதுவே போதும் என்று சொல்ல மாட்டோம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுகிறவர்களும், மனச் சோர்வு உள்ளவர்களும், வலிப்பு உள்ளவர்களும் முதலில் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போதும் சில இரவுகளில் விழிப்பு வருகிறது. இரவில் சிறிது நேரம் விழிப்பது இயற்கையே என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. மணி பார்ப்பதில்லை, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். அரக்கி எட்டிப் பார்த்துவிட்டுத் தானே போய்விடுகிறாள்.

அம்மாவின் மாத்திரையை மட்டும், கொடுத்தவுடன் நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம். தூக்கத்தை நம்பலாம், ஞாபகத்தை அவ்வளவு நம்பக்கூடாது.