மக்னீற்றோப் பரீட்சை

பலாலி விமான நிலையத்தில் ஏறப் போகிற சிலர், "எஞ்சின் இரையுது, விசிறி சுத்தேல்லையே" என்று பதறுவதுண்டு. பழுது ஒன்றுமில்லை. ஏடிஆர் விமானத்தின் வாலுக்குள், ஜெட்டுகளில் இருப்பதுபோலத் தனியாக ஒரு சிறிய எஞ்சின் கிடையாது. ஆகையால் மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் வலப்பக்க எஞ்சினையே ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்திருப்பார்கள். 'ஹோட்டல் மோட்' என்பார்கள். ஆட்கள் ஏறுவது இடப்பக்கத்துப் பின்கதவால். காற்றை அழுத்தும் பகுதியும் விசிறியைச் சுழற்றும் டர்பைனும் வேறுவேறு அச்சில் இருப்பதால்தான் இந்த வித்தை முடிகிறது. நடுவில் இருப்பது சுடுகாற்று மட்டும்.

பழைய டக்கோட்டா விமானத்தில் இது நடக்காது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானமாக ஒரு டக்கோட்டா ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை விமான நிலையம் என்றது இதே பலாலியைத்தான். அந்த டக்கோட்டாவுக்கு இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் வட்டமாக 14 சிலிண்டர். இரவு முழுக்க நின்றால் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் ஒயில் வடிந்து தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் ஒயில் நசுங்காது, உள்ளே இருக்கிற தண்டுதான் வளையும். ஆகவே சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திவிட்டு, மெக்கானிக்குகள் விசிறியின் இதழ்களைக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். கைக்கு இறுக்கமாகப் பட்டால் கீழ்ப் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடிக்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றித் தப்பப் பார்க்கக் கூடாது. ஒயில் காற்றுக்குழாய்க்குள் போய் ஒளிந்திருந்து, ஸ்டார்ட் பண்ணும்போது திரும்பி வரும்.

பிறகுதான் பரீட்சை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குப் பொறி கொடுக்க எஞ்சினுக்கு இரண்டு மக்னீற்றோ. எஞ்சின் சூடேறியதும் ஒன்றை அணைத்துப் பார்ப்பார்கள். வேகம் நிமிடத்துக்கு 100 சுற்றுக்குள் குறைந்தால் நல்லது. அதைவிட விழுந்தால் பிளக்கிலோ வயரிலோ கோளாறு. கொஞ்சமும் குறையாவிட்டாலோ அதுவும் கோளாறுதான்: அணைத்த மக்னீற்றோ உண்மையில் அணையவில்லை. அடுத்த நாள் காலை விசிறியைக் கையால் தள்ளுகிறவரின் உயிருக்கு அது உலை வைக்கும். எல்லாப் பாடத்திலும் நூறு எடுக்கிற பிள்ளையை யாழ்ப்பாணம் தலையில் வைத்து ஆடும். மெக்கானிக் அந்தப் பிள்ளையைத் திரும்பவும் பரீட்சைக்கு இருத்துவார்.

இந்தச் சோதனைக்கு மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்த வேண்டும். பின்னாலிருந்து காற்று வந்தால் எஞ்சின் குளிராது, இதழ்களும் அதிரும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காகக் கிடக்கிறது. வாடையும் சோளகமும் பெரும்பாலும் அதன் நீளப்போக்கிலேயே வீசும். இரண்டாம் உலகப் போரில் அதைப் போட்டவர்கள் காற்றறிந்துதான் போட்டிருக்கிறார்கள்.

எஞ்சின் சத்தத்தைப் படிக்க இங்கே ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் குண்டு போட வந்த விமானங்களுக்கு 'சியாமாசெட்டி', 'சகடை' என்று பெயர் வைத்து, வருகிற இரைச்சலைக் கொண்டே பங்கருக்குள் இறங்கிய தலைமுறை அது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது, அதே வானத்தில் விசிறிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் கணம் வயிறு கலங்கியிருக்கும்!

இன்றைய ஏடிஆரில் மக்னீற்றோ இல்லை. பரீட்சை மட்டும் இருக்கிறது. விமானம் கிளம்பும்போது ஓர் எஞ்சின் நின்றுபோனால், அதன் ஆறு இதழ்களும் தாமாகவே திரும்பி விளிம்பைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அகலப்பக்கம் காற்றை மறித்து விமானத்தை ஒருபக்கம் இழுத்துவிடும். அந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதைத் தரையிலேயே சோதிக்கிறார்கள். நிற்கிற விமானத்தின் இதழ்களைப் பாருங்கள், அந்த நிலையில்தான் இருக்கும்.

ஒருநாள் உங்கள் விமானம் ஓடுபாதை முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தால் விமானியை ஏசாதீர்கள். சென்னைக்குப் போகிற வழியில் முதலில் வருவது பாக்குநீரிணை.