கர்த்தருக்குச் சித்தமானால், கியோட்டோவுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாரே,

இவ்வாரத் தியானத்திற்கு வேதப் பகுதியோடு ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஜப்பான் நாட்டிற்கு விசா கேட்பவர்கள் நிரப்பித் தரவேண்டிய பயணத் திட்டப் படிவம் அது. முதலில் தேதி. அடுத்து, அன்றைக்கு எங்கே போகிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்பது. அதற்கடுத்து, இரவு தங்கும் இடத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும். விமானம் இறங்கும் நாள் தொடங்கித் திரும்ப ஏறும் நாள் வரையில் ஒரு நாளும் விடாமல் எழுத வேண்டும்.

நம் சபையில் ஒரு குடும்பத்தார் இப்போது இந்தப் படிவத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். பெயரை எழுதவில்லை, நீங்கள் அறிவீர்கள். அவர்களுடைய மகளும் மருமகனும் கியோட்டோ நகரில் வேலை பார்க்கிறார்கள். பேரனுக்கு ஒன்றரை வயதாகிறது. தாத்தாவும் பாட்டியும் அவனைக் கைபேசித் திரையில்தான் கண்டிருக்கிறார்கள். முன்பு இரண்டு முறை புறப்படத் திட்டமிட்டு, இரண்டு முறையும் தோட்டத்து வேலையைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். இம்முறை நவம்பர் கடைசி வாரம் என்று மகள் நாளைக் குறித்துவிட்டாள்.

அந்தச் சகோதரர் படிவத்தை நிரப்ப உதவி கேட்டு வந்தார். "ஐயா, நாளைக்கு மலையில மழை உண்டா இல்லையான்னே நமக்குத் தெரியல. இவங்க எட்டு நாளைக்கும் எழுதிக் கேக்குறாங்க. யாக்கோபு கூடாதுன்னு சொன்னதைத்தானே நான் எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பொய் எழுதிவிடுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. ஆகையால் அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

யாக்கோபு நிருபம் 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன பட்டணத்திற்குப் போய், இத்தனை காலம் தங்கி, வியாபாரம் செய்து இலாபம் சம்பாதிப்போம் என்று பேசுகிறவர்களை அவர் கண்டிக்கிறார். மனித ஜீவனைப் புகைக்கு ஒப்பிடுகிறார். தேவாரத்தில் குடியிருப்பவருக்கு இந்த ஒப்புமையை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மேற்கே மலையை முழுவதுமாய் மறைத்து நின்ற மூடுபனி எட்டு மணிக்கு எங்கே போயிற்று என்று நாம் ஒருவரும் தேடுவதில்லை. ஆனால் அப்பகுதியை முடிவு வரை வாசியுங்கள். நாளைக் குறித்ததையோ பட்டணத்தின் பெயரைச் சொன்னதையோ அவர் பாவம் என்கவில்லை. பெருமையாய்ப் பேசியதைத்தான் பாவம் என்கிறார். நாளை தன் கைக்குள் இருப்பதாக நினைத்துப் பேசும் நாவைத்தான் அவர் அடக்குகிறார்.

பவுல் அப்போஸ்தலனும் பயணத் திட்டம் எழுதியவரே. 1 கொரிந்தியர் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எபேசுவில் எதுவரை இருப்பேன், எந்த நாட்டின் வழியாக வருவேன், குளிர்காலத்தை எங்கே கழிப்பேன் என்பதையெல்லாம் ஒழுங்காய் எழுதுகிறார். அதே மூச்சில், கர்த்தர் இடங்கொடுத்தால் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். அந்தத் திட்டம் பிற்பாடு மாறியது. கொரிந்து சபையார் சிலர் அவரை நிலையற்றவர் என்று குறைகூற, 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில் அவர் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ஸ்பானியா தேசத்திற்குப் போகும் வழியில் ரோமாபுரியைக் காணலாம் என்று எண்ணியவர், காவலில் வைக்கப்பட்டவராய் அங்கே போய்ச் சேர்ந்தார். திட்டம் மாறியதால் அவர் முன்பு எழுதியது பொய்யாகிவிடவில்லை. எழுதும்போது உள்ளத்தில் இருந்த நோக்கத்தை எழுதினார். விசா அதிகாரி கேட்பதும் அதுவே: உங்கள் உண்மையான நோக்கம். எனவே, "எழுதுங்கள் அண்ணே, பயமில்லாமல் எழுதுங்கள்" என்றேன்.

அவர் அடுத்த தடையை எடுத்தார். அது காய் எடுப்புக் காலம். உங்களில் பலருக்கு இது தெரிந்ததே. ஏலத்தோட்டத்தில் ஆவணி வாக்கில் எடுக்கத் தொடங்கினால் தை வரைக்கும், நாற்பது நாளுக்கொரு முறை என்று சுற்றுச் சுற்றாக எடுப்பு நடக்கும். காய் பதமாய் நிற்கும்போது எடுக்காவிட்டால் பழுத்து வெடித்துப்போகும். ஜீப்பில் ஆட்களை ஏற்ற வேண்டும், பச்சைக்காயை அன்றன்றே ஸ்டோரில் சேர்த்து உலர்த்த வேண்டும், போடியில் ஏலத்தில் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அறுப்புக்காலத்தில் தூங்குகிற மகனைக் குறித்து நீதிமொழிகள் 10ஆம் அதிகாரம் சொல்வதை எனக்கே எடுத்துக்காட்டினார்!

அவர் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த வசனத்தை அவர் இடம் மாற்றிப் பயன்படுத்தினார் என்றே சொல்லுவேன். அது சோம்பலைக் குறித்தது. பேரனைத் தூக்கிக்கொள்ளப் போவது தூக்கமல்ல. ஒரு சுற்று எடுப்பைத் தம்பி பார்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். அதில் சில கிலோ குறையலாம். சென்ற முறையும் அதற்கு முந்தைய முறையும் அந்தச் சில கிலோவுக்காகத்தான் பயணம் நின்றது. குழந்தையின் முதல் அடியும் முதல் சொல்லும் அந்த இடைவெளியில் கடந்துபோயின. அவற்றைக் கொடுக்க எந்த ஏலத்திலும் ஆள் இல்லை. நம் பகுதி விவசாயிகளின் வீடுகளில் இந்தக் கணக்கு சரியாகப் போடப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அவர்கள் போகும் கியோட்டோவைக் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஜப்பானின் தலைநகராய் விளங்கிய நகரம் அது. ஆலயங்களும் மடங்களும் நிறைந்தது. அந்நகருக்கு இதேபோலக் குளிர் தொடங்கும் பருவத்தில் திட்டமிட்டுப் புறப்பட்ட ஒருவர் நம் தமிழ்க் கடற்கரைக்கு நன்கு தெரிந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் பரதவ மக்களிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டில் ஜப்பானின் தென்கோடியில் இறங்கினார். தலைநகருக்குச் சென்று பேரரசரைக் கண்டு, நாடெங்கும் பிரசங்கிக்க அனுமதி பெறவேண்டும் என்பது அவர் திட்டம். 1550-இன் இறுதியில் குளிரிலும் பனியிலும் நடந்து, 1551 ஜனவரியில் கியோட்டோவை அடைந்தார். நகரம் போரினால் பாழாகிக் கிடந்தது. பேரரசரிடம் அதிகாரமும் இல்லை, அவரைக் காண வழியும் இல்லை. 11 நாளில் சவேரியார் திரும்பிவிட்டார். பின்பு யமகுச்சி என்னும் ஊரின் ஆளுநரிடம் நல்ல உடையணிந்து, கடிகாரம் முதலான அன்பளிப்புகளோடு சென்றபோது அங்கே வாசல் திறந்தது. பேரரசரின் நகரம் தராத அனுமதியை அந்த ஊர் தந்தது.

இரண்டாவது மனிதரோ நமக்கு இன்னும் நெருங்கியவர். நம் வட்டாரச் சபைகள் அமெரிக்கன் மதுரை மிஷனின் ஊழியத்தால் கட்டப்பட்டவை என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். 1834-இல் மதுரைக்கு மிஷனெரிகளை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டுதான் கியோட்டோவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி தோன்றுவதற்கும் துணை நின்றது. அதை நிறுவியவர் நீஜிமா ஜோ. ஜப்பானியர் நாட்டைவிட்டு வெளியேறினால் மரணதண்டனை என்றிருந்த 1864-இல், 21 வயது இளைஞராய், ஹகோடாடே துறைமுகத்திலிருந்து ஓர் அமெரிக்கக் கப்பலில் ஒளிந்து புறப்பட்டவர். பாஸ்டன் நகரில் ஒரு கப்பல் முதலாளி அவரைத் தம் வீட்டில் ஏற்றுப் படிக்கவைத்தார். அவர் ஞானஸ்நானம் பெற்று, கல்லூரியும் இறையியலும் முடித்தார். 1874 அக்டோபரில் வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்ட் என்னும் ஊரில் நடந்த போர்டின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் தேசத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி வேண்டும் என்று அழுது கேட்டார். சுமார் 5,000 டாலர் வாக்களிக்கப்பட்டது. கூட்டம் முடிந்தபின் ஒரு வயதான விவசாயி வந்து 2 டாலரை அவர் கையில் வைத்தார். அது அவர் வீடு திரும்ப வைத்திருந்த ரயில் கட்டணம். நடந்தே போய்விடுவேன் என்று சொல்லிப் போனார். அந்த 2 டாலரை நீஜிமா தம் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

பள்ளியை அவர் திட்டமிட்டது ஒசாகாவில். அங்கிருந்த ஆளுநர் மிஷனெரிகள் கற்பிக்கக் கூடாதென்று மறுத்துவிட்டார். வழி அடைபட்ட நிலையில், 1875-இல் கியோட்டோவைப் பார்க்கப் போன இடத்தில், அம்மாகாண அரசுக்கு ஆலோசகராயிருந்த யமமோட்டோ காகுமாவைச் சந்தித்தார். காகுமா இரு கண்ணும் பார்வையற்றவர். கிறிஸ்தவத்தின் ஆதாரங்களைக் குறித்துச் சீனமொழியில் எழுதப்பட்ட ஒரு நூலின் வழியே அவர் உள்ளம் முன்பே ஆயத்தமாகியிருந்தது. தம்மிடமிருந்த நிலத்தையே பள்ளிக்கு விற்க முன்வந்தார். மடங்கள் நிறைந்த நகரில் எதிர்ப்பு எழாமல் இருக்குமா? வகுப்பறையில் வேதாகமம் கற்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. 1875 நவம்பர் 29 அன்று காலை, ஆசிரியர் இருவர், மாணவர் எட்டுப் பேர், நீஜிமாவின் வீட்டில் கண்ணீரோடு ஒரு ஜெபம்: தோஷிஷா அப்படித் தொடங்கியது. இன்று அது பெரிய பல்கலைக்கழகம். 1886-இல் கட்டிய செங்கல் ஜெபாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. ஒசாகாவில் அனுமதி கிடைத்திருந்தால், பார்வையற்ற அந்த மனிதரின் வீட்டுப்பக்கம் நீஜிமா போயிருப்பாரா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இனி, படிவத்துக்கு வருவோம். ஒவ்வொரு நாளாக நாங்கள் எழுதினோம். நவம்பர் இறுதி, நம் கணக்கில் கார்த்திகை, கூதிர்காலம். கியோட்டோவில் அப்போது மேப்பிள் இலைகள் சிவக்கும். இரவுகள் குளிர்ந்ததும் இலையின் பச்சையம் சிதைகிறது. சிவப்பு நிறம் அப்போதுதான் இலைக்குள் புதிதாய் உருவாகிறது. எந்த வாரத்தில் எந்த ஊரில் சிவக்கும் என்று ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியிட்டு, பின்பு அதைத் திருத்தியும் வெளியிடுகிறார்கள். அத்தனை ஒழுங்கான தேசத்திலும் இலை தன் நாளைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆகவே, "இலை சிவக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள், பேரன் இருப்பான்" என்று சகோதரியிடம் சொன்னேன்.

புகழ்பெற்ற சிவந்த சோலைகள் பெரும்பாலும் பௌத்த ஆலய வளாகங்களில் உள்ளன. அங்கே போகலாமா என்று சகோதரி கேட்டார். மரங்களைப் படைத்தவரை நினைத்து மரங்களைப் பாருங்கள், பிறர் வழிபடும் இடத்தில் அமைதியாய் நடந்துகொள்ளுங்கள் என்றேன். ஆனால் அவ்வாரத்தில் அங்கே கூட்டம் நெருக்கும், படிகளும் அதிகம்; அவருடைய முழங்காலுக்கு ஆகாது. எனவே ஒரு முழு நாளுக்கு, பழைய அரண்மனையைச் சூழ்ந்த பெரிய பூங்காவை எழுதினோம். சமதரை, நுழைவுக் கட்டணம் இல்லை, தங்கநிறத்தில் கிங்கோ மரங்களும் உண்டு. சாலையைக் கடந்து வடக்கே போனால் தோஷிஷாவின் வாசல். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் எல்லாவற்றையும் காலையில் வைத்தோம். போடிமெட்டுக் குளிரைத் தாங்குகிறவர்களுக்கு அந்தக் குளிர் பெரிதல்ல. ஆனாலும் கம்பளி வேண்டும். மகளுக்காகச் சகோதரி எடுத்துவைத்திருந்த உப்புக்கண்டத்தை மட்டும் வீட்டிலேயே விடச் சொன்னேன். இறைச்சிப் பொருள்களை அந்நாட்டுச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். அவருக்கு அதுதான் பெரிய துக்கம்.

இந்த 2026-இல் நவம்பர் 29 ஞாயிற்றுக்கிழமையாய் வருகிறது. அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறும் அதுவே. அந்தத் தேதிக்கு எதிரே, "குடும்பத்தோடு தேவாலய ஆராதனை" என்று அவரே தம் கையால் எழுதினார். எந்தச் சபை, எத்தனை மணி என்பதை மகள் விசாரித்துச் சொல்வாள். நம் ஊரில் ஒன்பது மணி ஆராதனைக்கு மணி அடிக்கும்போது அங்கே பன்னிரண்டரை. அவர்கள் ஆராதனை முடித்திருப்பார்கள்.

விண்ணப்பம் சென்னைக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. போடியிலிருந்து சென்னைக்கு ரயில் வாரத்தில் மூன்று நாளே உண்டு. கார்த்திகை மழையில் சென்னை என்னவாகும் என்று சொல்ல முடியாததால் ஒரு நாள் முந்தியே புறப்படச் சொல்லியிருக்கிறேன். வரும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்காகவும், சகோதரியின் முழங்காலுக்காகவும், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகும் தம்பிக்காகவும் ஜெபியுங்கள். அந்த வாரத்தில் எடுப்புக்கு ஓரிரண்டு ஆள் கூடுதலாய்த் தரக்கூடியவர்கள், தயவாய் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்